டிரம்பெட்டுகளுக்கு நடுவே ஒரு வயலின்

சென்னைத் துறைமுகத்துக்கு அருகில் ஓர் ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே டான்ஸ் நடக்கும். ஸ்விங் என்ற அமெரிக்க ஆட்ட இசை ஊரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. அங்கே வாசித்த பத்துப் பேர் பேண்டுக்கு ராயப்பன் தலைவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

தூத்துக்குடிக்காரர். மாதா கோயில் பாடகர் குழுவில் வயலின் பழகியவர். ஊமைப் படங்களுக்குத் திரைக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தார். படம் பேச ஆரம்பித்ததும் வேலை போயிற்று. சிங்கப்பூர்க் கப்பலில் வாசிக்கப் போனார். அங்கே இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே ஸ்விங் கற்றார். திரும்பி வந்து பேண்ட் தொடங்கியபோது ஊரே சிரித்தது.

"வயலினை வச்சு டான்ஸ் பேண்டா? மேளக் கச்சேரியில கொசு பாடின மாதிரி இருக்கும்."

அவரிடம் கற்க வந்த சவரிநாதன் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். போலீஸ் பேண்டில் பதினான்கு வருடம் டிரம்பெட் ஊதியவர். அவர் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் குதிரை மிரளும். மூன்று வருடமாக மாஸ்டர் அவருக்குச் சொன்னது ஒன்றுதான்.

"மெதுவா, சவரி."

ஒருநாள் ஒத்திகையில் சவரிநாதன் கேட்டே விட்டார்.

"மாஸ்டர், இங்க இருக்கிறதுலயே சத்தம் கம்மி உங்க வயலின்தான். அதுக்குப் பின்னால நாங்க ஏன் போகணும்?"

ராயப்பன் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாட்டை எடுத்தார்.

டிசம்பரில் பம்பாயிலிருந்து இருபது பேர் கொண்ட பேண்ட் ஒன்று வந்து இறங்கியது. ஓட்டல் மேனேஜர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஒரே மாலையில் இரண்டு பேண்டும் வாசிக்க வேண்டும். ஜனங்கள் யாருக்கு அதிகம் ஆடுகிறார்களோ அவர்களுக்கே ஓட்டல்.

பம்பாய்க்காரர்கள் முதலில் வாசித்தார்கள். ஆறு டிரம்பெட். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. முந்நூறு பேர் ஆடினார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது அவர்களுடைய தலைவர் சவரிநாதனின் தோளைத் தட்டி, தங்களோடு வந்துவிடும்படி கூப்பிட்டார்.

ராயப்பன் ஏறியபோது மைக் செத்துப்போயிருந்தது.

சவரிநாதன் அவரை நெருங்கினார்.

"மாஸ்டர், மைக் இல்லாம உங்க வயலின் முதல் வரிசையைக்கூடத் தாண்டாது. நான் முன்னால நிக்கிறேன். ஊதித் தள்ளிடறேன்."

"உங்க இஷ்டம்," என்றார் ராயப்பன்.

வயலினோடு மேடையை விட்டு இறங்கினார். ஆடுகிறவர்களுக்கு நடுவே நடந்துபோய், பேண்டுக்கு முதுகைக் காட்டி நின்று, வில்லை இழுத்தார். மேடையில் மற்றவர்கள் பின்னணி வாசிக்கத் தொடங்கினார்கள்.

சவரிநாதன் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். மூச்சு நெஞ்சு முட்ட நின்றது. மெதுவா என்று சொல்ல இன்று யாரும் இல்லை. தூரத்தில் மாஸ்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை நனைந்திருந்தது. முழங்கை போய் வந்துகொண்டிருந்தது. என்ன வாசிக்கிறார் என்பது காதில் விழவில்லை.

கேட்க வேண்டும் போலிருந்தது. டிரம்பெட்டைக் கீழே இறக்கினார்.

அதைப் பார்த்து மற்றவர்களும் வாசிப்பைத் தணித்தார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளை வைத்துவிட்டு விரலால் தட்டினார். பேச்சு நின்றது. செருப்புச் சத்தம் நின்றது. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க, அந்த ஒற்றை வயலின் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போயிற்று.

மெட்டு மெல்ல வேகம் பிடித்தது. ஏறியது. ராயப்பன் வில்லைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

சவரிநாதன் டிரம்பெட்டை உயர்த்தி ஊதினார். மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அதில் வந்தது. பத்துப் பேரும் சேர்ந்து எடுத்தார்கள். மண்டபம் வெடித்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். தட்டு ஏந்திய பணியாட்கள் ஆடினார்கள். கடைசியில் பம்பாய்க்காரர்களே இறங்கி ஆடினார்கள். மேனேஜர் கூட்டத்துக்குள் புகுந்து ராயப்பனைக் கட்டிக்கொண்டார். அந்த ஓட்டலில் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர்கள்தான் வாசித்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் சவரிநாதன் இறங்கி வந்தார்.

"மாஸ்டர், முதுகைக் காட்டிட்டு நின்னீங்க. நான் எடுத்த எடுப்புல ஊதியிருந்தா உங்க வயலின் அமுங்கிப் போயிருக்கும். ஊத மாட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதே."

"ஊதியிருந்தா?"

ராயப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க பின்னாடி நான் வாசிச்சிருப்பேன்."