ட்யூட்டி மாறும் நேரம்

மடத்துக் கூரையில் ஓடு மாற்றப் போன முத்தையா சாமி ஏணியோடு சரிந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில், அந்த வார்டு நர்ஸ் பகவதி அவருடைய சீடர்களில் ஒருத்தி. சாமியைவிடப் பத்து வயது மூத்தவள்.

"எங்களைப் பற்றை விடச் சொல்லிட்டு நீங்க ஏணியை விட்டுட்டீங்களே, சாமி" என்றாள் முதல் நாள்.

சாமி சிரித்தார். அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். ஒரு கட்டிலின் மணிக்கு ஓடிப் போய்ச் சேருமுன் அடுத்த கட்டிலின் மணி அடிக்கும்.

நாலாம் நாள் காலை ஊசி போட வந்தவள் கேட்டாள்.

"சாமி, வீட்டுக்குப் போனாலும் காதுக்குள்ள மணி அடிக்கு. சோத்துல கை வச்சா, அந்தக் கடைசிக் கட்டிலுக்கு மருந்து குடுத்தோமான்னு ஒரு பதைப்பு. போன் போட்டுக் கேக்கேன். கேட்டப்புறமும் தூக்கம் வரல. வேலையை விட்டுரட்டுமா?"

"இன்னைக்காவது நேரத்தோட வீட்டுக்குப் போறீங்களா?"

"போகணும். மூணு மணிக்குப் பேத்திக்குப் பேர் வைக்காங்க. 'நீ மட்டும் வாம்மா, வார்டையும் கூட்டிட்டு வந்துராத'ன்னு மக சொல்லிவிட்டிருக்கா. நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலியே?"

"ட்யூட்டி முடியட்டும்."

இரண்டு மணிக்கு அடுத்த ட்யூட்டி நர்ஸ் ரோஸலின் வந்தாள். பகவதி அவளைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் விவரம் சொன்னாள். கடைசிக் கட்டில் முடிந்ததும் முதல் கட்டிலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

"அக்கா, எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு. கிளம்புங்க. கீழ வண்டியில ஆரன் அடிச்சே கை ஒடிஞ்சு உங்க வீட்டுக்கார அண்ணனும் இங்க வந்து படுத்துரப் போறாரு."

பகவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு படியிறங்கினாள்.

பாதிப் படியில் மேலே மணி அடித்தது.

எந்தக் கட்டில் என்று அவள் யோசிக்கவில்லை. ஓடினாள்.

வார்டுக்குள் நுழைந்தபோது, ரோஸலின் சாமியின் கட்டிலருகே நின்றிருந்தாள்.

"என்ன சாமி, வலிக்கா?" பகவதிக்கு மூச்சு வாங்கியது.

"தாகமா இருக்கு."

பகவதி டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். சாமி தலையசைத்துத் தடுத்துவிட்டு ரோஸலினைப் பார்த்தார். ரோஸலின் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் அவசரமில்லாமல் குடித்தார். கீழே ஆரன் நீளமாகக் கேட்டது.

"நானும் இங்கதானே நிக்கேன், சாமி. என் கையால வாங்கிக் குடிக்கக் கூடாதா?" பகவதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

சாமி காலி டம்ளரை ரோஸலினிடம் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு குடுத்தாலும் தாகம் தீருதும்மா."