பொன்னோடு பூட்டி வைத்த பொக்கிஷக்காரர்

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டார். கெட்டவர் இல்லை. ஆனால் காதில் கடைசியாக யார் ஊதினாரோ, அன்றைக்கு அவர் சொன்னதுதான் சட்டம்.

அவர் சபையில் மூன்று பண்டிதர்கள். ஒரு நாடு எதனால் பணக்கார நாடாகிறது என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. "பொன்தான் செல்வம். அதை வெளியே விடவே கூடாது" என்பார் பொக்கிஷக்காரர் தனபாலர். "பொன்னைத் தின்ன முடியுமா? மண்ணில் விளைவதுதான் செல்வம்" என்பார் வயிரவ சாஸ்திரி. "மண் சும்மா கிடந்தால் முள்ளுதான் முளைக்கும். உழைக்கிற கைதான் செல்வம்" என்பார் குழந்தைவேல் புலவர். அவர் கை ஒருநாளும் உழைத்ததில்லை, அது வேறு விஷயம்.

ஐப்பசியில் ஒருநாள் தனபாலர் ஊதியது ஜெயித்தது. "அயல்நாட்டு உப்பு வாங்கியே நம் பொன் கரைகிறது அரசே! எல்லைக் கதவைச் சாத்துங்கள்." ஆட்கள் மட்டும் நடந்து வரலாம், சரக்கு வரக்கூடாது என்று சாத்திவிட்டார்கள்.

வெளியே மாட்டிக்கொண்டது உப்பு விற்கிற ஒச்சாயியின் பதினோரு வண்டி. அவளுக்கு இருந்த மொத்தச் சொத்தும் அதுதான். மேலே போர்த்தியிருந்த ஓலைப்பாயெல்லாம் கிழிசல். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விடிந்ததும் விடியாததுமாக நடந்தே அரண்மனைக்குப் போய்விட்டாள்.

"கதவைத் திறக்கச் சொல்லுங்க சாமி. மழை வந்தா என் பொழைப்பு வாய்க்கால்ல ஓடிரும்."

தனபாலர் சிரித்தார். "உப்புக்காரிக்கு ராஜ்ய விவகாரம் என்ன தெரியும்? போம்மா, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

ஒச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "தெரியாதுதான் ஐயா. அதான் கேக்குறேன். பொன் மட்டும் இருந்தா ஒரு நாள் ஓடிருமா?"

"ஆயுசே ஓடும்!"

"நெல் இருந்தா?" என்றாள். "பேஷாக ஓடும்" என்றார் சாஸ்திரி. "கையும் உலக்கையும் இருந்தால் எனக்குப் போதும்" என்று புலவரும் தானாக வந்து விழுந்தார்.

"அப்ப ஆளுக்கொரு அறையில அவங்கவங்க செல்வத்தோட இருக்கட்டும் சாமி. பொழுது சாயுற வரைக்கும் வேற எதுவும் கேக்காம ஒருத்தர் தாங்கிட்டாலும் என் வண்டி, மாடு எல்லாம் உங்களுக்கு. யாரும் தாங்கலேன்னா எல்லைக் கதவைத் திறக்கணும்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "பூட்டுங்கள்!" என்றார்.

அடுத்தடுத்து மூன்று அறை. முதலாவதில் தனபாலரும் ஒரு பெட்டி பொன்னும். நடுவில் சாஸ்திரியும் ஒரு குவியல் நெல்லும். கடைசியில் புலவர், உரல், உலக்கை, அடுப்பு. குடிக்கத் தண்ணீர் மட்டும் மூவருக்கும் உண்டு.

உச்சி வெயில் நேரம். வெயிலைத்தான் காணோம். உள்ளே சத்தமும் இல்லை. ஒச்சாயி வானத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அவசரப்பட்டு வாயை விட்டுவிட்டோமோ?

அப்புறம் நடு அறையில் ஒரு இருமல். சாஸ்திரி பச்சை நெல்லை மென்றிருக்கிறார், உமி தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"சாஸ்திரிகளே," என்றது தனபாலர் குரல், "ஒரு பொற்காசு தருகிறேன். ஒரு பிடி சோறு கிடைக்குமா?"

"நெல்தான் ஐயா இருக்கு. குத்துவதற்கு உலக்கை புலவனிடம் அல்லவா இருக்கிறது!"

"கொடுங்கள், குத்தி வடித்தே தருகிறேன். பாதி எனக்கு" என்றார் புலவர்.

"பாதியா? பகல் கொள்ளை!"

"அப்படியானால் உமியோடு தின்னும்."

"சண்டை போடாதீர்கள்! பத்துக் காசு! ஐயோ, பாதிப் பெட்டி!" தனபாலர் குரல் உடைந்தது. பேரம் படிந்துவிட்டது. ஆனால் எதை எதன் வழியாகக் கொடுப்பது? அந்தச் சுவரில் எறும்பு போகக்கூட ஓட்டை இல்லை.

தனபாலர்தான் முதலில் கதவைக் குத்தினார். "திறங்கடா! கதவைத் திறங்கடா!" உடனே மற்ற இரண்டு கதவும் அதிர்ந்தன.

ராஜா எழுந்து வந்தார். "திறந்தால் பொன் வெளியே போய்விடுமே, தனபாலரே?"

"போகட்டும் அரசே! சோறு உள்ளே வரட்டும்!"

ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தன் நாட்டையே அல்லவா இப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்!

"எல்லைக் கதவைத் திற! இனிமேல் அங்கே காவல் தனபாலர். வருகிற வண்டிக்கெல்லாம் கும்பிட்டுக் கதவு திறப்பதுதான் அவர் உத்தியோகம்" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "சொல், ஒச்சாயி. இந்த மூவரில் யார் சொன்னது சரி?"

"அதை அவங்க சாப்பிட்டுட்டுப் பேசிக்கட்டும் சாமி. எனக்கு இப்ப எல்லைக்குப் போக ஒரு குதிரையும் ஓட்ட ஒரு ஆளும் வேணும்."

கொடுத்தார்கள். கதவு திறந்தது. வண்டிகள் தடதடவென்று சந்தைக் கிடங்குக்குள் ஓடின. பதினோராவது வண்டியின் பின்சக்கரம் கூரைக்குள் நுழையவும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றவும் சரியாக இருந்தது.

ஒச்சாயி ஒவ்வொரு மூட்டையாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட நனையவில்லை. அந்த மூட்டை மேலேயே காலை நீட்டிப் படுத்தவள்தான். மறுநாள் ராஜாவின் பரிசோடு வந்த சேவகன் மூன்று தரம் கூப்பிட்டும் குறட்டைதான் வந்தது.