எழுபத்திரண்டு

உடல்நலக் கல்வி என்று ஒரு பாடம் பள்ளிக்கூடத்தில் உண்டு. கால அட்டவணையில் இருக்கும். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் அந்தப் பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தப் பாடத்தைத்தான் சுடர்விழிக்குக் கொடுத்திருந்தார்கள். பி.எட். மாணவி, பயிற்சிக்காக அந்தப் பெண்கள் பள்ளிக்கு வந்திருந்தாள். மறுநாள் கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள். பிசகு ஏதும் வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பாடம் என்னவோ உடல்நலம்.

அன்று ஒன்பதாம் வகுப்பு. நாடித்துடிப்பு. கடைசி பெஞ்சில் ஞானசௌந்தரி டீச்சர் உட்கார்ந்திருந்தார். சுடர்விழிக்கு வழிகாட்டி அவர்தான். தலை நரைக்கும்வரை அதே பாடத்தை நடத்தியவர். அதிகம் பேச மாட்டார்.

சுடர்விழி கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: ‘நாடித்துடிப்பு, நிமிடத்துக்கு 72.’ பிறகு, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்து எண்ணச் சொன்னாள்.

ஒவ்வொருத்தியாக எழுந்து சொன்னார்கள். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு, மிஸ்.

ஜன்னலோரம் இருந்த ரஹ்மத் மட்டும், “நூத்தி இருபத்தெட்டு, மிஸ்” என்றாள்.

வகுப்பு சிரித்தது.

“பெருவிரலை வெச்சிருப்பே, அதுக்கே துடிப்பு உண்டு. திரும்ப எண்ணு” என்றாள் சுடர்விழி.

“நூத்தி முப்பது, மிஸ்.”

“போர்டைப் பாரு ரஹ்மத். எவ்வளவு வரணும்?”

அடுத்த தடவை எழுபத்திரண்டு வந்துவிட்டது.

“வெரி குட்” என்றாள் சுடர்விழி. மணி அடித்தது.

ஆசிரியர் அறையில் ஞானசௌந்தரி டீச்சர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். சுடர்விழி பக்கத்தில் போய் நின்றாள்.

“பாடம் எப்படி இருந்துச்சு டீச்சர்?”

“வகுப்பு பூரா ஒரே துடிப்பு.”

சுடர்விழியின் முகம் சுண்டிவிட்டது. “புத்தகத்துல அப்படித்தானே டீச்சர் போட்டிருக்கு?”

“தப்பா எண்ணுற பிள்ளைக்கு ரெண்டு தடவையும் பக்கத்துப் பக்கத்து எண்ணா வரும்?”

சுடர்விழி கையிலிருந்த பாடக்குறிப்பு நோட்டை மூடினாள்.

“ரஹ்மத் யார் கையை எண்ணினா?”

யோசித்துப் பார்த்தாள். ரஹ்மத்தின் முகம் ஞாபகம் இருந்தது. அவள் விரல் வைத்திருந்த விதம்கூட ஞாபகம் இருந்தது. பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தவள் யார் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“தெரியலை டீச்சர்.”

டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

“எனக்கும் தெரியலை. பின்னால உக்காந்து நானும் சேர்ந்து சிரிச்சேன். வா, போவோம்.”

வகுப்பறை காலியாக இருந்தது. அடுத்தது விளையாட்டு பீரியட். அந்தத் துடிப்போடு ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கலாம். சுடர்விழி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள். வேப்பமரத்தடியில் ரஹ்மத் உட்கார்ந்திருந்தாள்.

“நீ யார் கையைப் பிடிச்சு எண்ணினே?”

“செல்வராணி கையை, மிஸ். அந்தா, கோட்டுல நிக்கிறா.”

வட்டாரப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். சுண்ணாம்புக் கோட்டில் பிள்ளைகள் குனிந்து நின்றார்கள். பி.டி. டீச்சர் விசிலை வாயில் வைத்துவிட்டார். சுடர்விழி நேரே போய்க் கோட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். செல்வராணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மிஸ்? எனக்கு ஒண்ணுமில்லையே” என்றாள் அந்தப் பெண்.

பின்னாலேயே வந்த ஞானசௌந்தரி டீச்சர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவளை நிழலில் உட்கார வைத்தார்.

“எப்ப இருந்து இப்படி?”

“முன்ன காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்குச்சு டீச்சர். அதுல இருந்து மாடி ஏறினா நெஞ்சு படபடங்கும்.”

“ஏம்மா யார்ட்டயும் சொல்லலை?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.” செல்வராணி சுடர்விழியைப் பார்த்தாள். “மிஸ்தான் எழுபத்திரண்டு, வெரி குட்னு சொன்னாங்களே. சரியாப் போச்சுன்னு நெனச்சேன். அதான் ஓடப் பேர் குடுத்தேன்.”

அந்த முகத்தில் குறை சொல்கிற பாவனை துளியும் இல்லை. சுடர்விழியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“இருதயத்துல கூடுதலா ஒரு சத்தம் கேக்குது. ஈ.சி.ஜி. எடுப்போம். அப்புறம் மதுரைக்கு அனுப்பிப் பார்த்துடணும். ஓட விடாம கூட்டி வந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது.”

செல்வராணியை உள்ளே கூட்டிப் போனதும் கதவு சாத்திக்கொண்டது. அவள் அம்மா வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வரும்போதெல்லாம் சுடர்விழி எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். டீச்சர் அசையவில்லை.

“அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?”

டீச்சர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அந்தப் பாடத்தை எப்படி நடத்தியிருக்கணும்? அதையாவது சொல்லுங்க.”

டீச்சர் தன் இடது கையை அவள் மடியில் வைத்தார்.

“எண்ணு.”

சுடர்விழி இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணினாள். எண்ணி முடித்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போல அமைதியாக இருந்தது. வந்த எண்ணுக்கும் அந்த முகத்துக்கும் பொருந்தவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதுவேதான் வந்தது.

“நூத்திப் பதினாலு” என்றாள் மெதுவாக. “தப்பா எண்ணிட்டேனா டீச்சர்?”

“சரியாத்தான் எண்ணியிருக்கே” என்றார் டீச்சர், அந்தக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். “கொஞ்ச நேரம் கையை விடாதம்மா.”