கோணனின் கடைசி நாட்கள்

குளக்கரைப் பாறைமேல் ஒரு சொறித்தவளை உட்கார்ந்திருந்தது. முந்தைய நாள் நல்ல மழை. விடிந்ததும் கரைமேட்டு மண்ணில் சின்னச் சின்னத் துளைகள் திறந்தன. அவற்றிலிருந்து ஈசல்கள் புகைபோலக் கிளம்பின.

தவளை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன், மனசுல வெச்சுக்குங்க. உங்களுக்கு ஆயுள் ஒரே நாள்! சாயங்காலத்தோட எல்லாம் முடிஞ்சுது. அதனால வீணா அலையாதீங்க. ஆடுங்க, பாடுங்க, பறங்க. இப்படிக் கொஞ்சம் கிட்ட வந்து பறங்க!"

ஈசல்கள் கிட்டே வந்து பறந்தன. தவளை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது. அதனால் பேச்சு விட்டு விட்டு வந்தது. கேட்டவர்களுக்கு அது சிந்தனையின் ஆழம் என்று தோன்றியது.

தவளை சொன்னதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதன் எதிரில் வந்த ஈசல் எதுவும் மறுநாளைப் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் கோணன் என்ற ஈசலும் இருந்தான். பிறக்கும்போதே இடுப்பு சற்று வளைந்திருந்ததால் அந்தப் பெயர். தவளையின் பேச்சு அவனை உலுக்கிவிட்டது. ஒரே நாள்! இத்தனை நேரம் இது தெரியாமல் போயிற்றே! இன்னும் நன்றாகக் கேட்கலாம் என்று முன்வரிசைக்குப் பறந்து போனான்.

அங்கே ஒரு பெண் ஈசல் தவளையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் செம்பி.

"ஐயா, நாளைக்கு என்ன ஆகும்?"

"உனக்கு நாளைக்குன்னு ஒண்ணு கிடையாதேம்மா!"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை வருஷமாப் பார்க்கிறேன்! மறுநாள் வந்து, 'ஐயா, நான் இருக்கேன்'னு ஒருத்தராவது சொன்னதுண்டா?"

சொல்லிவிட்டுத் தவளை நாக்கை நீட்டியது. குறி ஒரு விரற்கடை தவறியது. கோணனுக்கும் செம்பிக்கும் நடுவில் பறந்துகொண்டிருந்த ஈசலைக் காணவில்லை.

செம்பி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கீழே இறங்கி, ஓர் ஆவாரஞ்செடியின் அடிக்குப் போனாள். உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள். நான்கு சிறகுகளும் கழன்று விழுந்தன.

கோணன் பின்னாலேயே வந்து இறங்கினான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. அவளிடமிருந்து ஒரு நல்ல வாசனை வந்தது. அவ்வளவுதான்.

"ஏம்மா, சிறகைப் போய் உதறிட்டியே! இருக்கிறது ஒரு நாள். பறக்காம வேற என்ன பண்ணப் போறே?"

"தோண்டப் போறேன்."

"எதுக்கு?"

"வீட்டுக்கு."

கோணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சாயங்காலம் சாகப்போறவளுக்கு வீடா!"

"சாயங்காலம் வரைக்கும் எங்கே இருக்கிறதாம்? அதோ பாரு, கட்டெறும்பு வரிசை இந்தப் பக்கம்தான் திரும்புது. வர்றதுன்னா வா. இல்லேன்னா வழியை மறைக்காதே!"

கோணன் திரும்பிப் பார்த்தான். பின்னால் தவளை. முன்னால் கட்டெறும்புகள். அவனும் உடம்பை முறுக்கினான். மூன்று சிறகுகள் விழுந்தன. நான்காவது விழாமல் தொங்கியது. அதை அவள் கடித்து எடுத்துப் போட்டாள். கல்யாணம் அத்தோடு முடிந்தது.

மழை ஈரம் இருக்கும்வரைதான் தோண்ட முடியும். வெயில் ஏறிவிட்டால் மண் இறுகிவிடும். இருவரும் வாயால் ஒவ்வொரு மணலாகக் கவ்வி வெளியே போட்டார்கள்.

"கடைசி நாளும் அதுவுமா மண்ணைத் தின்னணும்னு என் தலையில எழுதியிருக்கு!" என்று கோணன் முனகினான்.

"தின்னாதீங்க. துப்புங்க!" என்றாள் செம்பி. கல்யாணம் ஆனதிலிருந்து அவனுக்கு மரியாதை கொடுத்துப் பேசினாள்.

உள்ளே இருந்தபடி கடைசி உருண்டை மண்ணை வைத்துத் துளையை அடைத்தபோது, அதற்கு மறுபுறம் ஒரு கட்டெறும்பின் மீசை உரசும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் உரசியது. பிறகு போய்விட்டது.

வீடு ஒரு புளியங்கொட்டை அளவு இருந்தது.

மண் குளிரத் தொடங்கியபோது, மாலை ஆகிவிட்டது என்று கோணன் தெரிந்துகொண்டான்.

"செம்பி, நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்க. நல்லபடியா வாழ்ந்துட்டோம்."

"காலையிலதானே பார்த்துக்கிட்டோம்?"

"அதைத்தான் சொல்றேன். ஒரு ஆயுசு முழுக்கச் சண்டை சச்சரவு இல்லாம இருந்திருக்கோம்."

ஆறு கால்களையும் மடக்கிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான். மண் மறுபடியும் சூடாயிற்று. கோணன் ஒரு காலை மெல்ல அசைத்துப் பார்த்தான். அசைந்தது.

"எங்கேயோ தப்பு நடந்திருக்கு!" என்றான் கலவரத்துடன். "தவளை ஐயா சொன்னதுல கூடக்குறைய ஒரு நாள் இருக்கும்போல. ஆனா இன்னிக்குக் கண்டிப்பாக் கடைசி நாள்."

"சரி, கடைசி நாளாவே இருக்கட்டும். போறதுக்கு முன்னால இந்த மூலையை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்திக் குடுத்துட்டுப் போங்க. முட்டை வைக்க இடம் போதலை."

சாகப்போகிற நேரத்தில் பெண்டாட்டியோடு என்ன வாக்குவாதம் என்று கோணன் அகலப்படுத்திக் கொடுத்தான்.

மறுநாளும் கடைசி நாள்தான். அன்று சுவரைப் பூசினான். அதற்கு அடுத்த கடைசி நாளில் முட்டைகள் வந்தன. பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் நக்கி, புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். கோணன் தினமும் மாலையில் விடைபெற்றுக்கொண்டான். தினமும் காலையில் கொஞ்சம் வெட்கத்துடன் எழுந்து முட்டைகளைப் புரட்டினான்.

சாப்பிட எதுவும் இல்லை. வெளியே போனால் எறும்பு. பறப்பதற்கென்று மார்பில் திரண்டிருந்த சதையை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்றுகொண்டது. முட்டை பொரிந்து, பிள்ளைகள் வெளியே வந்து, இரை தேட வழி வெட்டினால்தான் பிழைப்பு. அதற்குள் சதை தீர்ந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

இருபதாவது கடைசி நாளன்று ஏழு முட்டைகள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. கோணன் அவற்றை ஓரமாக ஒதுக்கினான். பிறகு துளையை அடைத்த இடத்துக்குப் போய், மண்ணைப் பிறாண்ட ஆரம்பித்தான்.

"என்ன பண்றீங்க?"

"திறக்கிறேன். சாகிறதுதான் சாகிறோம், வெளிச்சத்துல சாகலாம். ஒரு தடவை வானத்தைப் பார்த்துட்டுப் போறேன்."

"எறும்பு உள்ளே வந்துடும். மிச்சம் அஞ்சு முட்டை இருக்கு."

"அஞ்சு முட்டை! ஏழு போன வழியில அஞ்சும் போகும். எனக்குத் தெம்பு இல்லை, செம்பி. மார்புல தொட்டுப் பாரு, ஒண்ணும் இல்லை."

செம்பிக்கும் இல்லை. அவளும் தொட்டுப் பார்த்திருந்தாள்.

"இன்னிக்கு வேண்டாம். நாளைக்குத் திறங்க" என்றாள்.

"நாளைக்குத்தான் நான் இருக்க மாட்டேனே!"

"இல்லேன்னா திறக்கிற வேலை மிச்சம். இருந்தா நானே கூட வந்து திறக்கிறேன். இப்போ இந்த அஞ்சையும் ஒரு புரட்டு புரட்டிட்டுப் படுங்க."

கோணன் யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னதில் எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கும் தெம்பும் இல்லை. ஐந்தையும் புரட்டிவிட்டுப் படுத்தான்.

மறுநாள் மண் சூடேறும் நேரத்தில் ஒரு முட்டை கீறிக்கொண்டது. பால் வெள்ளையாக, கண்ணே இல்லாமல், ஊசிமுனை போன்ற ஒரு தலை வெளியே வந்தது. மற்றவையும் வந்தன. இருவரும் தங்கள் உடம்பில் மிச்சம் இருந்ததை உமிழ்நீராக ஊட்டினார்கள். சில நாட்களில் அந்த ஐந்தும் சுவரைக் குடைந்து ஒரு பட்ட வேரைக் கண்டுபிடித்தன. முதல் கவளத்தை அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தன.

"பிள்ளைகள் கையால சாப்பிட்டாச்சு. இனிமே நிம்மதியாப் போகலாம்" என்றான் கோணன்.

அன்று மாலையும் போகவில்லை.

ஐந்து ஐம்பதாயிற்று, ஐந்நூறாயிற்று. கோணன் கடைசிக் கடைசியாக என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட முட்டைகள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. மூன்று மழைக்காலம் போயிற்று. ஆவாரஞ்செடி இருந்த இடத்தில் ஓர் ஆள் மார்புயரத்துக்குப் புற்று நின்றது. செம்பி உடம்பு பெருத்து, இருந்த இடத்தைவிட்டு நகர முடியாதவளானாள். கோணன் மட்டும் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தான்.

நான்காம் கோடையில் குளம் வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. ஒரு நண்பகலில் பிள்ளைகள் அலறிக்கொண்டு வந்தார்கள்.

"அப்பா, புத்தோட அடி வெடிப்புல யாரோ பெரிய ஆள் புகுந்து உட்கார்ந்திருக்கார்! உள்ளே வெச்சு வெடிப்பை மூடிடட்டுமா?"

கோணன் போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். "யாருங்க அது?"

"வெயில் தாங்கலைப்பா. மழை வர்ற வரைக்கும் கொஞ்சம் குளிர்ச்சியா உட்கார்ந்துட்டுப் போயிடறேன்."

கோணனுக்குக் குரல் சட்டென்று தெரிந்துவிட்டது. "தவளை ஐயா! நீங்களா! உங்க பேச்சை நான் கேட்டிருக்கேன். நீங்க சொன்னதை ஒரு நாள்கூட மறந்ததில்லை."

தவளைக்கு அந்த வாட்டத்திலும் சந்தோஷமாக இருந்தது. "அப்படியா? நீ யாருப்பா?"

"ஈசலுங்க. நாலு வருஷம் முன்னால, பாறைக்கு முன்னால, முதல் வரிசை."

"நாலு வருஷமா! ஈசலுக்கு ஆயுள் ஒரே நாள்."

"ஆமாங்க. நீங்கதான் சொன்னீங்க."

"அப்போ நீ எப்படி இருக்கே?"

"அதுதாங்க எனக்கும் புரியலை."

தவளை கொஞ்சம் யோசித்தது. "ஒரே நாளுக்கு மேல இருந்தா நீ ஈசல் இல்லை. வேற ஏதோ" என்று தீர்ப்புச் சொன்னது.

கோணன் பதறிப்போய் செம்பியிடம் ஓடினான். "நாம ஈசலே இல்லைன்னு ஐயா சொல்றார்!"

"கறையான்னு சொல்லிடுங்க. கறையானுக்கு எத்தனை நாள்னு அவர் இன்னும் சொன்னதில்லை" என்றாள் செம்பி. "உட்கார்ந்துட்டுப் போகட்டும், பாவம். ஆனா நடுச்சுவரை ரெண்டு பூச்சு கெட்டியாப் பூசச் சொல்லுங்க."

கோணன் திரும்பிப் போய்ப் பேச்சுக் கொடுத்தான். "இந்த வெயில்ல ஏன் ஐயா இங்கேயே கிடக்கீங்க? வேற தண்ணி இல்லையா?"

"ஏன் இல்லை! மேற்கே இருக்கிற பாறைக்குன்று உச்சியில ஒரு சுனை இருக்கு. எந்தக் கோடைக்கும் வத்தாது. குட்டியா இருந்தப்பவே அங்கே போயிடணும்னு நினைச்சேன்."

"போகலையா?"

"போகலாம், என்ன அவசரம்? தவளைக்கு ஆயுள் கெட்டிப்பா. பன்னிரண்டு வருஷம்! எனக்கு இப்போதான் ஒன்பது நடக்குது. உன்னை மாதிரியா? உனக்குச் சாயங்காலத்தோட முடிஞ்சுது."

"ஆமாங்க" என்றான் கோணன் பணிவாக. "கொஞ்சம் இருங்க, சாயங்காலத்துக்குள்ளே முட்டையெல்லாம் புரட்டி வெச்சுட்டு வந்துடறேன்."

ஒன்பதாம் நாள் காலையில் மழை கொட்டியது. தவளை வெடிப்பிலிருந்து வெளியே வந்து கால்களை நீட்டி நெளித்தது.

"சுனைக்குத்தானே ஐயா?" என்று கோணன் உள்ளிருந்து கத்தினான்.

"போகாம இருப்பேனா? நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்! இன்னிக்குக் குளத்துல நாலு முங்கு போட்டு, வயிறாரச் சாப்பிட்டு..."

மேலே சருகு சரசரத்தது. குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சாரைப்பாம்பும் மழைக்கு வெளியே வந்திருந்தது. தவளை வாக்கியத்தை முடிக்கவில்லை.

கோணன் சுவரில் தலையை வைத்து வெகுநேரம் கேட்டான். பிறகு மெதுவாகச் செம்பியிடம் வந்தான்.

"ஐயா போயிட்டார்."

"சுனைக்கா?"

"இல்லை."

செம்பி அடுத்த முட்டையை வைத்தாள்.

"இன்னும் மூணு வருஷம் பாக்கி வெச்சிருந்தார்" என்றான் கோணன். பெருமூச்சு விட்டான். "நமக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாள், செம்பி."

"தெரியும். கீழ் வரிசை புரட்டியாச்சா?"

"இதோ" என்று கோணன் கீழ் வரிசைக்கு ஓடினான்.

ஆயுள் குறைவு என்று ஊருக்கு எடுத்துச் சொல்பவனைவிட, அதைத் தனக்கே சொல்லிக்கொண்டு இன்றைய வேலையை இன்றே செய்பவன்தான் நெடுநாள் வாழ்கிறான்.