மூக்கணாங்கயிறு கேட்ட காளை

அந்தக் காலத்தில் மாடு பேசும். பேசுவது மட்டுமல்ல, வழக்காடவும் செய்யும். விடிந்ததும் ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்கு வரும் சம்சாரி முதலில் மாட்டிடம் சம்மதம் கேட்க வேண்டும். மாட்டேன் என்று அது சொல்லிவிட்டால் அன்றைக்கு உழவு கிடையாது.

சடையாண்டி என்ற சம்சாரியிடம் ஒரு சோடிக் காளைகள் இருந்தன. வலப்பக்கம் பூட்டுவது செவலை, இடப்பக்கம் மயிலை. செவலையின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் தன் சொல்படி நடக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்கு எப்போதும் உண்டு. மயிலையோ யார் சொல்லையும் காதில் வாங்காது. உழும்போதே வரப்பில் அருகம்புல்லைக் கண்டால் நின்றுவிடும். கொக்கு வந்து உட்கார்ந்தால் குளத்துச் சேதி விசாரிக்கும். இரண்டுக்கும் ஒரே நுகத்தடி என்பதால் அது நின்றால் செவலையும் நிற்க வேண்டியதுதான்.

அந்த வருஷம் மழை தலையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. ஈரம் காய்வதற்குள் சோளம் விதைக்காவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது, தொழுவத்தில் மாடு தின்னத் தட்டையும் இருக்காது. அன்றைக்கென்று பார்த்து மயிலை புஞ்சையின் நடுவில் படுத்துக்கொண்டது.

"எந்திரி ராசா, மண்ணு காயுது" என்றான் சடையாண்டி.

"வெயில் தாழட்டும்ணே. இப்ப மனசு இல்ல."

சடையாண்டி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டினியை நினைத்து வந்தது பாதிக் கோபம். தான் நிற்கையில் இன்னொருத்தன் படுத்துக் கிடக்கிறானே என்பது மீதி. நுகத்தை அவிழ்க்கச் சொல்லி, சடையாண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனது.

"அண்ணே, நீ வாலை முறுக்குற, கொம்பப் புடிச்சு இழுக்குற. அதுக்கெல்லாம் மாடு அசையாது. எங்களுக்கு வலிக்கிற எடமே வேற."

"எந்த எடம்?"

செவலை சுற்றுமுற்றும் பார்த்தது. மாட்டுச் சாதிக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது. தாய் கன்றுக்குச் சொல்லும். மனுசன் காதில் விழக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லும்.

"மூக்குக்குள்ள, ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல. ஒரு கருவேல முள்ளால குத்துனாப் போதும். அந்தத் தொளையில கயித்தக் கோத்துக் கொம்புக்குப் பின்னால கட்டிரு. சுண்டுவிரலால இழுத்தாக்கூட வருவான்."

"அதுக்கு என்ன பேரு?"

"மூக்கணாங்கயிறுன்னு வச்சுக்க" என்றது செவலை. அந்தப் பேர் அதற்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சடையாண்டி முள்ளை ஏற்றும்போது மயிலை திமிறாதபடி அதன் கழுத்தைக் கொம்பால் அழுத்திக்கொண்டதும் செவலைதான். மயிலை போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் விதைப்பு முடிந்தது. மயிலை கொஞ்சம் தயங்கினாலும் செவலை குரல் கொடுக்கும்: "அண்ணே, மூக்கணாங்கயிறு!" கயிற்றைத் தொடவே வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதுமே மயிலை நடந்தது. செவலைக்கு அன்று இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் காலையில் சடையாண்டி தொழுவத்துக்கு வந்தான். சம்மதம் கேட்கவில்லை. அவன் கையில் ஒரு புதுக் கயிறும் ஒரு முள்ளும் இருந்தன.

"நான் என்னண்ணே தப்புச் செஞ்சேன்?" என்று செவலை பின்வாங்கியது.

"ஒரு தப்பும் இல்ல ராசா. ஒரு பக்கம் மட்டும் இழுத்தா ஏரு கோணுது. ரெண்டு பக்கமும் கயிறு இருந்தா நேராப் போகும்."

"சொல்லிக் குடுத்ததே நான்தானே!"

"ஆமா. அதான் இப்ப எனக்கே தெரிஞ்சுபோச்சே."

செவலை மயிலையைப் பார்த்தது. மயிலை தட்டையை மென்றுகொண்டிருந்தது. உதவவும் வரவில்லை, சிரிக்கவும் இல்லை.

சேதி ஊர் ஊராகப் பரவியது. அதற்குப் பிறகு எந்தச் சம்சாரியும் மாட்டிடம் எதையும் கேட்கவில்லை. இழுத்த பக்கம் அது திரும்பியது. கேட்பாரில்லாத இடத்தில் பேசி என்ன பயன் என்று மாடும் வாயை மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் மாடு பேசுவதில்லை. அடங்காதவன் ஒருத்தனை அடக்கிவிட்டால், "அவனுக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சு" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வதும் அன்று முதல்தான். அந்தக் கயிற்றுக்குப் பேர் வைத்தது ஒரு மாடு.