பாக்கலாம்

எங்கள் மடத்துச் சாமியிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பாக்கலாம்." சொல்லிவிட்டு லேசாகச் சிரிப்பார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். 'எல்லாமே பார்வைதான் என்று சாமி உணர்த்துகிறார்' என்று ஒரு பேராசிரியர் மடத்தில் மைக் வைத்து இரண்டு மணி நேரம் பேசினார்.

நான் தில்லைநாயகம், மடத்துச் சமையல்காரன். பதினொரு வருஷமாகச் சாமியின் சீடன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் ஒன்று கேட்டேன். தென்காசியில் என் அக்கா தனியாக இருக்கிறாள், கண் மங்கிக்கொண்டே வருகிறது, வந்து கூட இருடா என்கிறாள், போகட்டுமா சாமி? எனக்கும் அந்தப் பாக்கலாம்தான் கிடைத்தது. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று யோசித்தே என் தலை பாதி நரைத்துவிட்டது. அக்கா போன் செய்து என்னடா ஆச்சு என்பாள். சாமி இன்னும் உத்தரவு தரலை என்பேன்.

இந்த ஆவணியில் சாமிக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. திருநெல்வேலியில் ஓர் இதய டாக்டரிடம் கூட்டிப் போனேன். நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வால்வு லீக், ஹார்ட் கொஞ்சம் வீக் என்றார், மாத்திரை எழுதினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நான் வந்து சொன்ன அந்த 'வீக்'கை மடத்தில் ஒருவர் 'வீக்கம்' என்று காதில் வாங்கிவிட்டார். நெஞ்சில் வீக்கமாம், உப்பே ஆகாதாம். ஒரு மாதம் சாமி உப்பில்லாத கஞ்சியை முகம் சுளித்துக் குடித்தார். அடுத்த முறை உப்பைப் பற்றிக் கேட்டதற்கு நார்மலாச் சாப்பிடுங்க என்றார் டாக்டர். ஒரு வேளை மட்டும் கஞ்சி குடிக்கிறவருக்கு எது நார்மல் என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

மூன்றாம் முறை சாமியே வாய்விட்டுக் கேட்டார், ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமா என்று.

"பாக்கலாம் சாமி," என்றார் டாக்டர். லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

வெளியே மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் சாமி கத்த ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பாக்கலாம் என்றால் வெட்டுவானா, விடுவானா? நல்லபடியா இருக்குன்னு சிரிச்சானா, கெட்டதை மறைக்கச் சிரிச்சானா? இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பது? போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

"சாமி, இதே வார்த்தையை வச்சுக்கிட்டு நான் மூணு வருஷமாச் சோறு திங்கேன்," என்றேன்.

சாமி என்னை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து மறுபடி உள்ளே போனார். டோக்கன் எங்கே என்ற நர்ஸம்மாவைத் தாண்டி டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"தம்பி, தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருதேன்."

டாக்டர் அன்றுதான் சாமியின் முகத்தைப் பார்த்தார். மவுஸிலிருந்து கையை எடுத்தார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்கணும், கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே வரணும், உப்பைக் குறைத்தால் போதும் என்றார். லீக் கூடுமா என்பது இப்போது தனக்கே தெரியாது என்றும் சொன்னார். சாமி எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா மூன்று மாதம் அலைந்தோம் என்று எனக்கு அழுகையே வந்தது.

பஸ் ஸ்டாண்டில் சாமி அந்தக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

"சாமி, எங்க அக்கா விஷயம்?" என்றேன்.

"போன்னு சொன்னா எனக்குக் கஞ்சி வைக்க ஆளில்லை. போகாதேன்னு சொல்ல வாய் வரலை. அதான் பாக்கலாம்னேன்."

"அப்ப அந்தச் சிரிப்பு?"

"அது வெக்கம்."

தென்காசி பஸ் வந்து நின்றது. இந்த உடம்போடு இவரைத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

"மடத்துக்கு வழி எனக்குத் தெரியும், தில்லை. ஏறு."