பத்தியம் சொன்ன நரி

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த காடு ஒன்றில் மருளி என்றொரு பெண் மான் இருந்தது. எதையும் இரண்டு முறை மோந்து பார்க்காமல் வாயில் வைக்காது. அப்படியொரு சந்தேகப் பிராணி!

ஒரு மாசி மாதம் அதன் குட்டியின் இரண்டு காதுகளிலும் உண்ணி அப்பிக்கொண்டது. அவை இரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சி, குட்டி எழுந்து நிற்கவே தள்ளாடியது.

அப்போது வக்கணையன் என்ற நரி, பச்சிலைச் சாந்தும் கையுமாக வந்து சேர்ந்தது.

"இதைப் பூசினால் உண்ணி உதிர்ந்துவிடும், தாயே! ஆனால் பத்தியம் முக்கியம். காலை வெயிலில் புல்வெளி நடுவே அசையாமல் நிற்க வேண்டும். குணமானால் உன் இலந்தை மரத்தடி எனக்கு."

புல்லெல்லாம் காய்ந்துபோன நேரம். மருளியின் வயிறு நிறைவதே அந்த இலந்தையால்தான். அதுவும் போனால் குட்டிக்குப் பால் ஏது?

"இன்னும் என்ன யோசனை? என் உடம்பைப் பார், ஓர் உண்ணி இல்லை! கூலியாக என் பனைமரத்தடியையே வைத்தியருக்குக் கொடுத்துவிட்டேன்," என்றது நரியின் பின்னால் வந்த ஒரு காட்டுப்பன்றி.

"சரி, பூசும். ஆனால் இடது காதுக்கு மட்டும்," என்றது மருளி.

"வலது காது என்ன பாவம் செய்தது?"

"அது சும்மா இருக்கட்டும். வித்தியாசம் தெரிய வேண்டாமா?"

நரியின் முகம் சுருங்கியது. ஆனாலும் பூசியது.

மறுநாள் மருளி குட்டியைப் புதருக்குள்ளேயே வைத்திருந்தது. ஓர் உண்ணிகூட உதிரவில்லை.

"பத்தியம் முறிந்துவிட்டது! மருந்தைக் குறை சொல்லாதே," என்று நரி பாய்ந்தது.

'அதென்ன, மருந்து தோற்றால் பழி பத்தியத்தின் மேலா?' என்று நினைத்தபடி, அடுத்த நாள் மருளி குட்டியைப் புல்வெளிக்கு நடத்திப் போய் நிறுத்தியது. குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சற்று நேரத்தில் மைனாக்கள் இறங்கின. குட்டியின் முதுகில் ஏறி, இரண்டு காதுகளிலிருந்தும் உண்ணிகளைக் கொத்திக் கொத்தித் தின்றன. அசையாமல் நிற்கச் சொன்ன காரணம் மருளிக்கு அப்போதுதான் விளங்கியது.

வெயில் ஏறியதும் நரி பன்றியோடு வந்தது. "இடது காது பளிச்சென்று இருக்கிறதே! இலந்தை மரத்தடி என்னுடையது."

"வலது காதையும் பாரும், வைத்தியரே."

சாந்தே படாத அந்தக் காதிலும் உண்ணி இல்லை. பன்றி வாயைப் பிளந்தது.

"மருந்தின் வாசனை... அந்தப் பக்கமும் போயிருக்கும்," என்று நரி இழுத்தது.

"போகட்டும். பத்தியத்தை நான் வைத்துக்கொள்கிறேன். சாந்தை நீரே வைத்துக்கொள்ளும்!"

அடுத்த கணம் நரி ஓட்டமெடுத்தது. "என் பனைமரத்தடியைத் திருப்பிக் கொடு!" என்று பன்றி உறுமிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. குட்டியோ தாயின் மடியை முட்டி முட்டிப் பால் குடித்தது.

நீதி: மருந்து பூசியபின் குணமானது என்பதற்காக மருந்தைப் புகழாதே, பூசாவிட்டாலும் குணமாகியிருக்குமா என்று பார்.